இந்த மூக்கு யாருது?

ஜனவரி 9

மருந்துக் கம்பெனிக்காரர் குடுத்த டைரி இது. அட்டையில ஒரு மாடு போட்டோவுக்குச் சிரிக்கிற மாதிரி நிக்குது. எட்டு நாளா காலியாக் கெடந்துச்சு. இன்னைக்கு எழுதாட்டி என் மண்டை வெடிச்சிரும்.

டைரி எழுதறவங்க முதல் பக்கத்துல தன்னைப் பத்தி எழுதணுமாம். சரி. பேரு கோகிலவாணி. வயசு முப்பத்தெட்டு. உத்தியோகம், கால்நடை ஆய்வாளர். அதாவது கருக்கம்பாளையத்தைச் சுத்தி இருக்குற பதினோரு ஊர் மாடுகளுக்குச் சினை ஊசி போடறவ. ஊசின்னுதான் சொல்லுவாங்க, ஊசி இல்ல. நைட்ரஜன் கேன்ல உறைஞ்சு கெடக்குற மெல்லிசான குச்சி. அதுக்குள்ள காளையோட விந்து, சின்னச் சொட்டு. மாட்டோட முட்டையில பாதி, இந்தச் சொட்டுல பாதி, சேர்ந்தா ஒரு கன்னு. பதினாலு வருசத்துல என் கையால எத்தனை ஆயிரம் கன்னு பொறந்துருக்குன்னு எனக்கே தெரியாது.

எனக்கு ஒண்ணும் பொறக்கல.

காலையில பத்தேகாலுக்கு கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில இருந்து போன். "நெகட்டிவ் மேடம்." ரெண்டாவது தடவையும் கரு தங்கல. அந்தப் பொண்ணு பாவம், தன் தப்பு மாதிரி தயங்கித் தயங்கிச் சொல்லுச்சு. நான் "சரிங்க, தேங்க்ஸ்ங்க"ன்னேன். எதுக்குத் தேங்க்ஸ் சொன்னேன்னு தெரியல.

வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி திருப்பூர்ல தையல் மெசின் ரிப்பேர் பாக்குறார். அவருக்குப் போன் போட்டேன். விசயத்தைச் சொன்னேன். பின்னாடி மெசின் சத்தம். அப்புறம் "சாப்பிட்டயா"ன்னார்.

லீவு போட்டிருக்கலாம். நாச்சிமுத்து அண்ணன் மாடு விடியக்காலையில இருந்து கத்துதுன்னு நாலு தடவ போன் பண்ணிட்டார். பருவம் தப்புனா இன்னும் இருபத்தொரு நாள் காத்திருக்கணும். போய்ப் போட்டுட்டு வந்தேன்.

ஜனவரி 10

கேன்ல குச்சி எண்ணினேன். ஜெர்சி ஒண்ணு கம்மி. காங்கேயம் ஒண்ணு அதிகம். போன வாரம் எண்ணுனதுல தப்பு இருக்கும்.

ஜனவரி 16

பட்டிப் பொங்கல். நாச்சிமுத்து அண்ணன் விடல. "டாக்டரம்மா வந்தாத்தான் பட்டிக்குள்ள எலை போடுவேன்"னார். நான் டாக்டர் இல்லைன்னு பதினாலு வருசமா சொல்லிப் பாத்தாச்சு.

அவர் மாடு மயிலை, சாம்பல் கலந்த வெள்ளை. சுத்தக் காங்கேயம். அவங்க அப்பா காலத்துல இருந்து கலப்பே இல்லாத வழி. ஜெர்சின்னு யாராச்சும் பேச்செடுத்தா துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவார். கொம்புக்குச் சாயம் அடிச்சு, கழுத்துல கரும்பு கட்டி நிக்க வெச்சிருந்தார். என் கையில பொங்கலைக் குடுத்து, "இந்தத் தடவ கெடேரி போட்டா உங்க பேருதான் வெப்பேன் அம்மிணி"ன்னார்.

பொங்கலை எலையிலயே வெச்சுட்டு வந்தேன். இனிப்பு ஜாஸ்தி.

ஜனவரி 28

டாக்டரம்மாவைப் பாத்தோம். நெஜ டாக்டரம்மா. பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ஒரு வழி இருக்குதுன்னாங்க. எழுத வரல.

ஜனவரி 30

இன்னைக்கு இருபத்தொண்ணாவது நாள். சினை பிடிக்காட்டி நாச்சிமுத்து அண்ணன் மாடு இன்னைக்குக் கத்தணும். அந்த வழியா வேலையே இல்ல, ரெண்டு தடவ வண்டியில போயிட்டு வந்தேன். மாடு அசை போட்டுட்டு என்னைப் பாத்துச்சு.

வழக்கமா கத்தலைன்னா சந்தோசப்படுவேன்.

பிப்ரவரி 6

எழுதிர்றேன். என் முட்டை தீர்ந்துபோச்சாம். வயசுக்கு முன்னாடியே. மிச்சம் இருக்குறதுலயும் சத்து இல்லையாம். கர்ப்பப்பை நல்லா இருக்குதாம். அதனால வேற ஒரு பொண்ணு குடுக்குற முட்டையில, இவரோட விந்தைச் சேர்த்து, கருவாக்கி, என் வயித்துல வெக்கலாமாம்.

மாடுகளுக்கு இப்படிக் கரு மாத்தி வெக்கறதைப் பயிற்சியில பாத்திருக்கேன். வாடகை மாடுன்னு அங்க சொல்லுவாங்க. அந்தச் சொல்லு இப்ப ஏன் ஞாபகம் வருதோ!

இன்னைக்குப் பல்லு வெளக்கிட்டே இவர் சொன்னார்: "எனக்குச் சம்மதம் வாணி. ஆனா யாருக்கும் தெரிய வேண்டாம். அக்காவுக்கு மட்டும் தெரியவே கூடாது."

அக்கான்னா சம்பூரணம் நங்கையா. எங்க பக்கம் வீட்டுக்காரரோட அக்காவை நங்கையான்னுதான் கூப்பிடுவோம். மாமியார் இல்லாத வீடு, இவரை வளத்ததே அவங்கதான். தங்கமான மனுசி, வாய் மட்டும் ஊருக்கே கேக்கும். சாடை பாக்குறதுல கில்லாடி. தொட்டில்ல கெடக்குற கொழந்தை கால் வெரலைப் பாத்தே "இது பெரிய தோட்டத்துக்காரங்க வழி"ன்னு சொல்லிருவாங்க. ஒரு தடவகூடத் தப்புனதில்ல.

"சரி"ன்னேன். எனக்கும் அதுதான் நல்லதுன்னு பட்டுச்சு. வெளிய தெரிஞ்சா, கொழந்தையைத் தூக்குறவங்க எல்லாம் என் மூஞ்சியையும் அதையும் மாத்தி மாத்திப் பாப்பாங்க. அப்புறம் அது எனக்குப் பொறந்ததா இருக்காது. என்கிட்ட இருக்குறதா இருக்கும்.

பிப்ரவரி 20

இன்னைக்கு மானம் போச்சு.

ஆஸ்பத்திரியில ஒரு ஃபாரம் குடுத்தாங்க. முட்டை குடுக்குற பொண்ணு எப்படி இருக்கணும்னு நம்ம விருப்பம் எழுதறது. உயரம், நிறம், ரத்த வகை. யாருன்னு நமக்குச் சொல்ல மாட்டாங்க, நம்மளையும் அவங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. சட்டம் அப்படி. "வேறு குறிப்புகள்"னு கடைசியா ஒரு கட்டம் இருந்துச்சு. பதினாலு வருசமா காளைப் பட்டியல் படிச்சுப் பழகுன கை. யோசிக்காம எழுதிட்டேன்: "நோய் இல்லாத வழி. கால்கள் நேராக இருக்க வேண்டும். சாந்த குணம். தாயின் பால் அளவு தெரிந்தால் நல்லது."

டாக்டரம்மா படிச்சாங்க. கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி படிச்சாங்க. அப்புறம் சிரிச்சாங்க பாருங்க, பக்கத்து ரூம்ல இருந்த நர்ஸ் எட்டிப் பாத்துச்சு. இவர் தலையைக் குனிஞ்சுட்டு உக்காந்திருந்தார், தோள் மட்டும் குலுங்குச்சு. அழறார்னு நினைச்சேன். சிரிச்சிருக்கார் மனுசன்! ரெண்டு வருசத்துல அந்த ரூம்ல நாங்க சிரிச்சது இன்னைக்குத்தான்.

மார்ச் 18

லேப்ல வேலை பாக்குற பொண்ணு பேரு பெனிட்டா. நாகர்கோவில் பக்கம். நான் நைட்ரஜன் கேன் சுமக்குறவன்னு தெரிஞ்சதும் ஒட்டிக்கிச்சு.

"கேன்ல நைட்ரஜன் எவ்வளவு இருக்குதுன்னு நீங்க எதுல அளப்பீங்க மேடம்?"

"மர ஸ்கேலை உள்ள விட்டு எடுத்து, பனி எதுவரைக்கும் பூக்குதுன்னு பாப்பேன்."

"நாங்களும் அதேதான்! இவ்வளவு மெசின் இருந்தும் நானும் ஒரு குச்சி வெச்சிருக்கேன்."

மூணு கரு நல்லா வந்துருக்குதாம். உறைய வெச்சிருக்காங்களாம். கேட்டா தப்போன்னு தயங்கித் தயங்கிக் கேட்டேன். "குச்சியில நம்பர் இருக்குமில்ல? எங்க காளைக்கு எல்லாம் இருக்கும். நம்பரைத் தட்டுனா அப்பன், ஆத்தா, பாட்டன் வரைக்கும் வந்துரும்."

பெனிட்டா என் கையைப் பிடிச்சுது. "நம்பர் எனக்கு மட்டும் மேடம். பேரு எனக்கும் தெரியாது." அப்புறம் வாசல் வரைக்கும் வந்து, "கல்யாணமாகி ஒரு குழந்தையாவது இருக்குறவங்கதான் குடுக்க முடியும். அவ்வளவுதான் நான் சொல்லலாம்"ன்னுச்சு.

பஸ்ல வரும்போது அந்தப் பொண்ணைப் பத்தியே நினைச்சுட்டு வந்தேன். பத்துப் பன்னண்டு நாள் ஊசி போட்டிருப்பா. தொப்புளுக்குப் பக்கத்துல. நானும் ரெண்டு தடவ போட்டுக்கிட்டதுதான், அஞ்சாவது நாள்ல இருந்து வயிறு உப்பி, குனிஞ்சு கோலம் போட முடியாது. மயக்கம் குடுத்து முட்டையை எடுத்த அன்னைக்கு அடிவயித்துல கத்தி வெச்ச மாதிரி இருக்கும். எனக்காவது பக்கத்துல இவர் உக்காந்திருந்தார். அவளுக்கு யாரு கூட வந்தாங்களோ. அன்னைக்குச் சாயங்காலம் அவ வீட்டுக்குப் போய்ச் சோறு ஆக்கியிருப்பாளா?

நல்லா இரும்மா.

ஏப்ரல் 11

மூணு மாசம் முடிஞ்சதால நாச்சிமுத்து அண்ணன் மாட்டுக்குச் சினைப் பரிசோதனை. கையுறை போட்டு உள்ள கையை விட்டதுமே தெரிஞ்சுபோச்சு. கரு நல்லா எறங்கி உக்காந்திருக்கு. வெளிய வந்து "சினைங்கண்ணா"ன்னேன். அவர் மாட்டைத் தொட்டுக் கும்பிட்டார். அப்புறம் என்னையும் கும்பிட்டார்.

இனி மறைச்சு என்ன ஆகப்போகுது. ஜனவரி பத்தாந்தேதி நான் எண்ணுனது தப்பே இல்ல. ஒன்பதாந்தேதி அந்த மயிலைக்கு நான் போட்டது ஜெர்சி. எங்க கேன்ல ஜெர்சி குச்சி மஞ்சள், காங்கேயம் ஆரஞ்சு. கண்ணுல தண்ணி நின்னா ரெண்டும் ஒரே நிறம்தான். எழுத்தைப் படிச்சுட்டுத்தான் போடணும், பதினாலு வருசமா படிச்சுட்டுத்தான் போட்டிருக்கேன். அன்னைக்குப் படிக்கல. பதிவேட்டுல காங்கேயம்னு எழுதி, காளை நம்பரும் போட்டு, கையெழுத்தும் போட்டிருக்கேன்.

மறுநாளே தெரிஞ்சுது. அப்பவே சொல்லியிருந்தா அவர் திட்டியிருப்பார், அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு முடிஞ்சிருக்கும். நான் சொல்லல. அது தங்காதுன்னு நினைச்சேன். எனக்குத் தங்கலியே, அதுக்கு மட்டும் எப்படித் தங்கும்னு நினைச்சேன். எவ்வளவு கேவலமான நினைப்பு.

ஏப்ரல் 23

வெச்சாச்சு. ஒரு கரு. டிவியில காட்டுனாங்க, சின்னப் புள்ளி. பெனிட்டா முகக்கவசத்துக்கு மேல கண்ணால சிரிச்சுட்டு, "முப்பத்தேழு டிகிரிதான் மேடம்"ன்னுச்சு. மாட்டுக்குப் போடறதுக்கு முன்னாடி குச்சியை எளக வெக்கிற என் சுடுதண்ணிப் பிளாஸ்க்கும் அதே டிகிரிதான்.

அந்தப் பொண்ணோட இருபத்திமூணு குரோமோசோம், இவரோட இருபத்திமூணு. என்னோடது ஒண்ணும் இல்ல. இடம் மட்டும்தான் என்னுது. இதை எழுதும்போது அழுகை வரும்னு நினைச்சேன், வரல. பசிச்சுது. நங்கையா குடுத்துவிட்ட அரிசிம்பருப்புச் சோத்தை ரெண்டு தட்டு சாப்பிட்டேன்.

மே 7

தங்கிருச்சு. சாமீ, தங்கிருச்சு!

மே 8

நேத்து ஒரு வரிக்கு மேல எழுத முடியல. போன்ல அதே பொண்ணு, "பாசிட்டிவ் மேடம்"னு கத்துச்சு. இவர் மெசினை அப்படியே விட்டுட்டு வந்துட்டார், கையெல்லாம் கிரீஸ். நங்கையா வந்து வாசல்லயே காலை நீட்டி உக்காந்து அழுதாங்க. அப்புறம் என்னைத் திட்டுனாங்க, இனிமே வண்டி ஓட்டுனா காலை ஒடிச்சுருவேன்னு. அப்புறம் மறுபடி அழுதாங்க. இவ்வளவு ஆசையை இத்தனை வருசம் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி வெச்சிருந்தாங்களோ. நானும் அவங்க மடியில தலையை வெச்சு அழுதேன். அவங்களுக்குத் தெரியாத ஒண்ணு எனக்குத் தெரியுமேன்னு, அப்பவும் ஒரு ஓரத்துல குத்துச்சு.

ஜூலை 3

ஸ்கேன். கை கால் எல்லாம் சரியா இருக்குதாம். கால் நேரா இருக்குதான்னு நான் கேட்டேன். டாக்டரம்மா மறுபடி கண்ணாடியைக் கழட்டுனாங்க.

எனக்கு இப்ப ஒரு பழக்கம் வந்துருக்கு. பஸ்ஸுல, கடையில, பனியன் கம்பெனி வாசல்ல, முப்பது வயசுக்குள்ள எந்தப் பொண்ணைப் பாத்தாலும் மூஞ்சியை உத்துப் பாக்குறேன். ஒண்ணுமில்ல, சும்மா பாக்குறதுதான். இன்னைக்கு பஸ்ஸுல ஒரு பொண்ணு "என்னங்க்கா, தெரிஞ்சவங்களா?"ன்னு கேட்டுது. இல்லைன்னேன். எறங்கும்போது அவளுக்கு என் சீட்டைக் குடுத்துட்டு எறங்குனேன்.

ஆகஸ்ட் 22

உதைக்குது. நைட்ரஜன் கேனைத் தொட்டாப் போதும், அந்தப் பக்கம் பாத்து ஒரு உதை.

செப்டம்பர் 14

நாச்சிமுத்து அண்ணன் ரோட்டுல நிறுத்துனார். "மாட்டுக்கும் மாசம் ஏறுது, உங்களுக்கும் ஏறுது. ரெண்டு பேரும் ஏன் இப்படி அலையறீங்க?"ன்னார். சிரிச்சேன். சொல்லிரலாம்னு வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள அவர் வண்டிப் பெட்டியில இருந்து ஒரு சீப்பு பூவம்பழம் எடுத்து என் முன்னாடி வெச்சுட்டார். மூடிக்கிட்டேன்.

அக்டோபர் 18

காலையில கன்னு போட்டுருச்சு. கெடேரி. நாச்சிமுத்து அண்ணன்கிட்ட இருந்து போன். லீவுல இருந்தாலும் இவரை வண்டி எடுக்கச் சொல்லிப் போனேன்.

கன்னு செக்கச்செவேல்னு இருந்துச்சு.

இங்கதான் ஒண்ணு எழுதணும். காங்கேயம் கன்னு எல்லாமே செவலையாத்தான் பொறக்கும். ஆறு மாசம் ஆனா நிறம் மாறி மயிலையாயிரும். அதனால சுத்தி நின்ன நாலு பேருக்கும் ஒரு சந்தேகமும் இல்ல. "தாயாட்டவே வந்துருச்சு"ன்னு ஒருத்தர் சொன்னார். நெத்தியைப் பாத்தா, கண்ணைப் பாத்தா எனக்குத் தெரியுது, வேற யாருக்கும் சுலபமாத் தெரியாது. ஆறு மாசம் தப்பிச்சேன். அதுக்குள்ள எனக்குப் பிரசவ லீவு, மாறுதலும் வாங்கிட்டுப் போயிரலாம். என்னை யாரு கேக்கப்போறாங்க?

மாடு கன்னை நக்கிட்டு இருந்துச்சு. காது, மூக்கு, குளம்பு, ஒரு எடம் விடாம. கன்னு எந்திரிக்கப் பாத்து விழுந்துச்சு. மறுபடி நக்குச்சு. நான் ஒரு மணி நேரம் அங்கயே நின்னேன். மாட்டுக்கு எந்தக் குச்சின்னு ஒரு கவலையும் இல்ல.

அக்டோபர் 19

சொல்லிட்டேன்.

கட்டுத்தரையில அவர் தவிடு கலக்கிட்டு இருந்தார். நின்ன வாக்குல, பதிவேட்டை நீட்டி, "அண்ணா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேனுங்க. ஜனவரியில போட்டது காங்கேயம் இல்லீங்க, ஜெர்சி. தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்"ன்னேன். ஒரே மூச்சுல.

அவர் கையைக் கழுவிட்டு வந்தார். கூரை ஓலைக்குள்ள விரலை விட்டு எதையோ இழுத்து எடுத்து என் கையில வெச்சார். மஞ்சள் குச்சி. அன்னைக்கு நான் வெட்டிப் போட்டது. நம்பர்கூட அழியல.

"அன்னைக்கே பாத்தேன் அம்மிணி. எனக்குப் படிக்கத் தெரியாது, நிறம் தெரியுமே. போன தடவ ஆரஞ்சு, இந்தத் தடவ மஞ்சள். எனக்கு வந்துச்சு பாரு கோவம்! உங்களை ரோட்டுலயே புடிச்சு நாலு கேக்கணும்னு சைக்கிள எடுத்துட்டு வந்தேன். நீங்க அந்த வேப்பமரத்தடியில வண்டியை நிறுத்திட்டு, கேனைக் கட்டிப் புடிச்சு அழுதுட்டு இருந்தீங்க. கேவிக் கேவி. திரும்பி வந்துட்டேன்."

குச்சியைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன்.

"பத்து மாசமாத் தெரியுமாங்ண்ணா?"

"தெரியும். நீங்களா வந்து சொல்லுவீங்களா மாட்டீங்களான்னு நானும் பாத்துட்டே இருந்தேன். பட்டிப் பொங்கலுக்குச் சொல்லுவீங்கன்னு நினைச்சேன். பழம் குடுத்தன்னைக்குச் சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

"மேல எழுதிப் போட்டிருக்கலாமேங்க. என்னை மெமோ குடுத்துத் தூக்கியிருப்பாங்களே."

"தூக்கிட்டா எனக்கு யாரு ஊசி போடறது?" துண்டை உதறித் தோள்ல போட்டார். எந்திரிச்சுப் போகத்தான் போறார்னு நினைச்சேன், போகல. "கோவம் இருந்துச்சு அம்மிணி, இல்லைங்கல. நேத்துக் கன்னைப் பாத்தேன். அது என்ன பண்ணுச்சு? அப்பன் எவனா வேணா இருக்கட்டும், என்ற மாட்டு வயித்துல வளந்து, என்ற பட்டியில விழுந்துச்சு. அது என்ற கன்னு. அடுத்த தடவ மட்டும் குச்சிய எங்கிட்டக் காட்டிட்டுப் போடுங்க."

அங்கயே பதிவேட்டுல காங்கேயத்தை அடிச்சு, ஜெர்சின்னு எழுதி, குச்சியைப் பாத்து நம்பர் போட்டு, தேதியோட கையெழுத்துப் போட்டேன். எங்க கால்நடை டாக்டருக்கும் லெட்டர் எழுதிட்டேன். மெமோ வரும். வரட்டும்.

எனக்கு ஒரு மனுசன் பத்து மாசம் எவ்வளவு பெரிய உதவி பண்ணியிருக்கார், நான் அவர் வீட்டுப் பொங்கலைத் திங்காம எலையில வெச்சுட்டு வந்தேன்.

அக்டோபர் 20

இவர்கிட்டக் குச்சியைக் காட்டி எல்லாத்தையும் சொன்னேன். "நங்கையாகிட்டயும் சொல்லிரலாமாங்க?"ன்னு கேட்டேன்.

"கன்னு வேற, கொழந்தை வேற வாணி."

"எனக்கு உள்ள வெச்சுக்கத் தெரியலீங்க. பத்து மாசம் பட்டது போதும்."

"அக்கா ஒரு பார்வை பாத்தா நீ தாங்குவியா? நான் தாங்க மாட்டேன்." அவர் கண்ணு கலங்கிருச்சு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, மனுசன் தனக்காக மறைக்கல. அந்தப் பார்வை என் மேல விழக் கூடாதுன்னு மறைக்கிறார். அவர் தலையைத் தடவிக் குடுத்தேன். பேச்சை விட்டுட்டேன்.

அக்டோபர் 30

எனக்குக் கட்டுச்சோத்து விருந்து, எங்க பக்கத்து வளைகாப்பு. ஏழு வகைச் சோறு. நங்கையா என் கைக்கு வளையல் போட்டுட்டே, "எங்கப்பா கால் வெரலு, உன்ற மூக்கு. அப்படித்தான் வரும், எழுதி வெச்சுக்க"ன்னாங்க.

எழுதி வெச்சுட்டேன்.

ஜனவரி 5

டைரி தேதியெல்லாம் தீர்ந்துபோச்சு. பின்னாடி குறிப்புப் பக்கத்துல எழுதறேன்.

மூணாந்தேதி காலை பதினொன்னரைக்குப் பொறந்தா. ரெண்டு கிலோ எண்ணூறு. என் நெஞ்சு மேல வெச்சாங்க. ஈரமா, சூடா, கோவமா கத்திட்டு வந்தா. நான் மோந்து மோந்து பாத்தேன். காது, மூக்கு, கால், ஒரு எடம் விடல. நர்ஸ் "மேடம், தொடைக்கக் குடுங்க"ன்னு மூணு தடவ கேட்டுதாம்.

பிறப்புப் பதிவு ஃபாரம் எழுத ஒரு பொண்ணு வந்து, "அம்மா பேரு?"ன்னு கேட்டுச்சு. கோகிலவாணின்னேன். சத்தமா சொல்லிட்டேன் போல, பக்கத்துக் கட்டில்காரம்மா திரும்பிப் பாத்தாங்க.

கொழந்தைக்குத் தயான்னு பேரு வெக்கலாம்னேன். தயவுன்னு அர்த்தம், யாரோட தயவுன்னு இவர் கேக்கல. அவருக்கே தெரியும்.

ஜனவரி 12

நங்கையா சோதனை ஆரம்பிச்சாச்சு. கால் வெரல், அவங்க அப்பா. சரி. காது, இவரு. சரி. மூக்குக்கு வந்ததும் நின்னுட்டாங்க. நுனியில லேசா ஒரு குழி. என் மூக்கைப் பாத்தாங்க. "இந்த மூக்கு யாருது?"

இவர் பவுடர் டப்பா எடுக்கப் போறேன்னு போனவர் போனவர்தான்.

பிப்ரவரி 19

மறுபடி மூக்கு. எங்க அம்மா போட்டோவை எடுக்கச் சொல்லிப் பாத்தாங்க. அப்பா போட்டோவையும். "ரெண்டும் இல்லியே!" நங்கையாவுக்குத் தன் வித்தை தோத்துப்போச்சேன்னு கவலை. சோறுகூடச் சரியா சாப்பிடல.

மார்ச் 27

எங்க சித்தப்பா வீட்டுக் கல்யாண ஆல்பம் வரைக்கும் வந்துருச்சு. பொய் எதுவும் நான் இன்னும் சொல்லல. "தெரியலீங்க"ன்னு மட்டும் சொல்றேன். அது நெஜந்தான், எனக்குத் தெரியாதே.

ஏப்ரல் 20

தயாவைத் தூக்கிட்டு நாச்சிமுத்து அண்ணன் வீட்டுக்குப் போனோம். கன்னுக்கு ஆறு மாசம். செவலை செவலையாவே இருக்கு, ஒரு முடிகூட மாறல. வாணின்னுதான் கூப்பிடுறார், கன்னு திரும்பிப் பாக்குது. நாங்க இருக்கும்போதே அவர் மச்சினன் வந்து, "என்ன மாமா, இது மயிலையாகலியே?"ன்னார்.

அண்ணன் தவிடு கலக்குறதை நிறுத்தக்கூட இல்ல. "அதுக்கு அப்பன் வேற இனம்"னார். அவ்வளவுதான். மச்சினன் "அப்படியா"ன்னுட்டு, கன்னு கழுத்தைச் சொறிஞ்சு விட்டார். கன்னு கண்ணை மூடிக்கிச்சு.

அவ்வளவுதானா? இவ்வளவு சுலபமா இதைச் சொல்ல முடியுமா? வரும்போது வண்டியில இவர் முதுகுல சாஞ்சுட்டு, "இன்னைக்குச் சொல்லப்போறேன்"ன்னேன். கொஞ்ச தூரம் போனதும் இவர் இடது கையை எடுத்து என் கை மேல வெச்சார்.

நங்கையா வாசல்லயே இருந்தாங்க. தயாவை வாங்குனதும் ஆரம்பிச்சாச்சு. "நானும் நாலு மாசமாப் பாக்குறேன். இந்த மூக்கு..."

"நங்கையா, அந்த மூக்கு நம்ம ரெண்டு குடும்பத்துலயும் கெடையாதுங்க. வேற ஒரு பொண்ணு குடுத்ததுங்க. எனக்கு முட்டை இல்லைன்னுட்டாங்க. பேரு தெரியாத ஒரு பொண்ணு பத்து நாள் ஊசி போட்டுக்கிட்டு, வலியைத் தாங்கி, எனக்கு எடுத்துக் குடுத்தா. அவ குடுத்த பாதியும், உங்க தம்பியோட பாதியும். நான் சுமந்தேன். பாதி முகம் அவளுது."

இவர் வண்டி ஸ்டாண்டைக் காலால மிதிச்சபடியே நின்னுட்டார். நங்கையா என்னைப் பாக்கல. தயாவையே பாத்தாங்க. பக்கத்து வீட்டுக் குக்கர் ரெண்டு விசில் அடிச்சுது. தயா அவங்க தாலிக்கொடியைப் புடிச்சு வாயில வெச்சா.

"அந்தப் புள்ளைக்குக் கொழந்தை குட்டி இருக்குதா?"

"ஒண்ணாவது இருக்கும்னு சொன்னாங்க."

"நல்லா இருக்கட்டும். அவ வயிறு குளிரட்டும்." முந்தானையில கண்ணைத் துடைச்சாங்க. "மூக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அதான் நானும் யாருது யாருதுன்னு கேட்டுட்டே இருந்தேன், எவகிட்டயாவது நல்லா இருக்குதுன்னு சொல்லோணுமில்ல." அப்புறம் என் பக்கம் திரும்புனாங்க. நான் பயந்துட்டே இருந்த அந்தப் பார்வை இப்ப வரப்போகுதுன்னு நினைச்சேன்.

"என்னடி நின்னுட்டு இருக்கற? வெயில்ல தூக்கிட்டுச் சுத்தி சளி புடிக்க வெச்சுட்டு. மூக்கு ஒழுகுது பாரு. நீதான ஆத்தா, தொடச்சு உடு."

தொடச்சு விட்டேன்.